இடைநிலை வகுப்பு மாணவரும் வீட்டுக் கணக்கும்

ஒரு பிள்ளை கணிதத்தோடு நட்புக் கொள்வதும் அதனை வெறுத்து ஒதுக்குவதும் பெரும்பாலும் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள நான்கு ஆண்டுகளிலேயே முடிவாகின்றன. ஆரம்ப வகுப்புகளிற் கற்ற கணக்குகள் கண்ணாற் காணக்கூடிய பொருள்களைப் பற்றியனவாக இருந்தன. இடைநிலை வகுப்பை அடைந்ததும் பின்னமும் தசமமும் பெருகுகின்றன. பூச்சியத்திற்குக் கீழும் எண்கள் உண்டு எனச் சொல்லப்படுகின்றது. எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து அமர்கின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே கணிதம் கட்டாய பாடம். அதிலே தவறிய மாணவன் பதினோராந் தரத்திலே தவறினான் என நாம் எண்ணுகின்றோம். அவன் கொப்பிகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்போமாயின், ஏழாந் தரத்திலே பின்னங்களைக் கூட்டும் இடத்திலேயே அவன் வழிதவறிவிட்டமை புலனாகும். நாம் அதனை அறிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் சென்றன என்பதே உண்மை.

2020, 2021 ஆகிய ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தன. அக்காலத்தில் ஆரம்ப வகுப்புகளிலிருந்த பிள்ளைகள் பலர் இப்பொழுது இடைநிலை வகுப்புகளிற் பயில்கின்றனர். அவர்களிடத்து அடிப்படை தளர்ந்திருத்தல் வியப்பன்று. இது ஒருபுறமிருக்க, வீட்டு வேலை எதற்காக என்பதிலேயே நம்மிடத்துத் தெளிவு போதாது. பெற்றோர் அதனை அன்றிரவே தீர்க்கவேண்டிய கடனாகக் கருதுகின்றனர். ஆசிரியருட் சிலர் கொப்பி நிரம்பியிருத்தலைக் கண்டு திருப்தியடைகின்றனர். வீட்டுக் கணக்கோ பிள்ளை தன் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தை ஒத்தது. “நீங்கள் இன்று சொல்லித் தந்ததை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன்” என்பதே அக்கடிதத்தின் செய்தி. இடையில் வேறொருவர் அதனைத் திருத்தி அழகுபடுத்தி அனுப்பிவிட்டால், கடிதம் வந்து சேரும். செய்தி வந்து சேராது.

விடை சரியாயிருந்தால் விளக்கமுஞ் சரியாயிருக்கும் என நம்புவதால் விளையுங் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1973ஆம் ஆண்டில் எர்ல்வாங்கர் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவில் ஆறாந் தரத்திற் பயின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அச்சிறுவனது வகுப்பிலே மாணவர் தத்தம் வேகத்திற்கேற்பத் தாமே பயிற்சிகளைச் செய்வர். விடைகள் விடைத்தாளோடு ஒப்பிடப்படும். பொருந்தினால் அடுத்த பகுதிக்குச் செல்வர். அவன் நன்றாக முன்னேறும் மாணவனாகவே மதிக்கப்பட்டான். எர்ல்வாங்கர் அவனோடு அமர்ந்து உரையாடியபொழுது வேறொரு காட்சி வெளிப்பட்டது. 2/10 என்பதைத் தசமத்தில் எழுதுமாறு கேட்க, அவன் 1.2 என எழுதினான். இரண்டையும் பத்தையுங் கூட்டினால் பன்னிரண்டு; நடுவே ஒரு புள்ளி; அதுவே அவன் விதி. அவ்விதியின்படி 4/11 என்பதும் 1.5, 11/4 என்பதும் 1.5. ஒன்று முழுமையிலுஞ் சிறியது, மற்றையது முழுமையிலும் பெரியது என்னும் எண்ணம் அவனுக்கு எழவேயில்லை. கணிதமென்பது யாரோ வகுத்து வைத்த விதிகளின் கூட்டம், விடைத்தாளிலுள்ள விடையைக் கண்டுபிடிப்பதே தன் தொழில் என அவன் எண்ணியிருந்தான். ஆண்டுக்கணக்காக ஒருவரும் அவனை, “இதை எப்படிச் செய்தாய்?” எனக் கேட்டிலர் போலும்.

ஆகவே, வீட்டிலே பிள்ளைக்குக் கணக்கில் உதவ விரும்புவோர் முதலிற் பழகவேண்டியது பிழையை வாசித்தலாகும். பிள்ளைகளின் பிழைகளுட் பெரும்பாலானவை கவனயீனத்தால் வருவன அல்ல. அவற்றின் பின்னே ஒரு விதி இருக்கின்றது. அவ்விதி வேறோர் இடத்திற் சரியாயிருந்ததுமாகும். இதனைச் சில கணக்குகளைக் கொண்டு காட்டுவோம்.

1/2 + 1/3 = 2/5 என எழுதாத வகுப்பு இல்லை. மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையுங் கூட்டிவிட்டான், முட்டாள், எனக் கடிந்து சிவப்பு மையாற் கோடிடுவது எளிது. பிள்ளை இதனை எங்கிருந்து பெற்றது என நோக்குக. பெருக்கலில் மேலெண்களையும் கீழெண்களையுந் தனித்தனியே பெருக்குமாறு நாமே சொல்லிக் கொடுத்தோம். அன்றியும், முதற் பரீட்சையில் 10க்கு 7 புள்ளியும் இரண்டாம் பரீட்சையில் 20க்கு 15 புள்ளியும் பெற்றவன், மொத்தம் 30க்கு 22 எனக் கூட்டுகின்றான். அது முற்றுஞ் சரியானது. மேலுங் கீழுமாக எழுதிப் பார்த்தால் அங்கேயும் அவன் செய்தது இதையேயன்றோ? வேற்றுமை யாதெனில், புள்ளிக் கணக்கிலே பத்தும் இருபதும் வெவ்வேறு முழுமைகள்; அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் புதியதொரு முழுமையை ஆக்குகின்றோம். அரையும் மூன்றிலொன்றும் ஒரே முழுமையின் பகுதிகள். இவ்வேற்றுமையை எடுத்துக் கூறாமல் “பொதுப் பகுதியெண் காண்” என்று மட்டுஞ் சொன்னால், பிள்ளை ஒரு விதியை விட்டு இன்னொரு விதியைப் பற்றிக்கொள்ளுமேயன்றி விளங்கிக்கொள்ளாது. விளங்கச் செய்தற்கு ஒரு கேள்வி போதும்: “2/5 அரையிலும் பெரிதோ சிறிதோ?” அரையோடு ஏதோவொன்றைக் கூட்டியபின் விடை அரையிலுஞ் சிறிதாய் வந்தமையைப் பிள்ளை தானே காணும். காணும்போது அதன் முகத்திலே தோன்றும் மாற்றம் பத்துக் கணக்குகளைச் செய்வித்தலிலும் பயனுடையது.

நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பின்னம் அந்நியமான பொருளுமன்று. எண்சுவடி பயின்ற நம் முன்னோர் கீழ்வாயிலக்கத்திலே காலும் அரைக்காலும் வீசமும் கடந்து, 1/80 ஆகிய காணியையும் 1/320 ஆகிய முந்திரியையும் வாயாற் சொல்லிக் கணக்கிட்டனர். இன்றும் யாழ்ப்பாணத்திற் காணி பரப்பிலேதான் பேசப்படுகின்றது. ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். 2¾ பரப்புக் காணியை இரு சகோதரருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு? 27½ பேர்ச்சின் பாதி 13¾ பேர்ச். பாடநூலிலே வட்டத்தை வெட்டி நிழற்றுவதை விட இக்கணக்கிலே பிள்ளைக்குக் கவனம் மிகும். பேரனாருக்கும் உரையாடலிற் கலந்துகொள்ள வாய்ப்புண்டாம்.

தசமத்திலே நிகழும் பிழை இன்னும் நுண்ணியது. 0.35, 0.4 ஆகிய இரண்டிற் பெரியது எது எனக் கேட்டால், 35 நான்கிலும் பெரிதாகையால் 0.35 என்பான் ஒருவன். அவன் புள்ளிக்கு வலப்புறத்தையும் முழுவெண்ணாகவே வாசிக்கின்றான். மற்றொருவன் 0.4 எனச் சரியாக விடையளிப்பான். அவனைப் பாராட்டுமுன் 0.4, 0.45 ஆகியவற்றையுங் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் 0.4 பெரியது என்பானாயின், “நீளமான தசமம் சிறியது” என்னும் தவறான விதியைக் கொண்டே முன்னர்ச் சரியான விடையை அடைந்தான் என்பது தெளிவு. ஒரு கணக்கின் விடையை மட்டுங் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பது இதனாற் பெறப்படும். கிரிக்கெட் விளையாட்டும் இவ்விடயத்திற் பிள்ளைகளைக் குழப்புகின்றது. 4.3 ஓவர் என்பது நான்கு ஓவரும் மூன்று பந்தும்; ஓவருக்கு ஆறு பந்தாகையால் அது நாலரை ஓவர். புள்ளி இருந்தும் அது தசமம் அன்று. ஆட்டத்தை அணுவணுவாக அறிந்த சிறுவனிடம் இதனைச் சொல்லி, உண்மையான தசமத்தில் அதனை எவ்வாறு எழுதுவது எனக் கேட்டால், 4.5 என்பதை அவன் ஒருகாலும் மறவான்.

திசைகொண்ட எண்களிலே, −3 − 5 என்பதற்கு +8 என விடை எழுதுவோர் பலர். “மறையும் மறையுஞ் சேர்ந்தால் நேர்” என்னும் மந்திரம் இதற்குக் காரணம். பெருக்கலுக்குரிய விதியை எதற்குரியது எனக் கூறாமல் ஓதுவித்தமையின் பயன் இது. முற்றத்துக் கிணற்றைக் காட்டுக. கட்டின் மேல்விளிம்பு பூச்சியம். வாளி விளிம்பிலிருந்து 3 அடி கீழே நிற்கின்றது, அது −3. மேலும் 5 அடி இறக்கினால் வாளி எங்கே நிற்கும்? மேலே 8 அடி உயரத்தில் வானத்திலே தொங்குமோ? பிள்ளை சிரிக்கும், −8 என்னும். மறையை மறையாற் பெருக்கினால் நேர் வருவதை விளக்கக் கிணறு உதவாது. அதற்கு 3 × −5 = −15, 2 × −5 = −10, 1 × −5 = −5, 0 × −5 = 0 என வரிசையாக எழுதி, ஒவ்வொரு படியிலும் ஐந்து கூடுவதைக் காணச் செய்து, அடுத்த வரியைப் பிள்ளையையே எழுதுமாறு விடுதல் நன்று.

சமக்குறியைப் பற்றியுஞ் சிறிது கூறல் வேண்டும். 8 + 4 = □ + 5 என எழுதிக் கட்டத்தை நிரப்புமாறு கேட்டால் 12 என எழுதும் பிள்ளைகள் இடைநிலை வகுப்பிலும் உளர். அவர்களுக்குச் சமக்குறி என்பது “விடையை இங்கே எழுது” என்னுங் கட்டளை. வேல்ஸ் நாட்டிற் பிறந்த றொபேட் றெக்கோட் 1557ஆம் ஆண்டில் தமது நூலிலே இக்குறியை முதன்முதல் வழங்கியபோது, ஒரே நீளமுள்ள இரு சமாந்தரக் கோடுகளை விடச் சமமான பொருள்கள் வேறில்லை எனக் காரணங் கூறினார். தராசின் இரு தட்டுகளையும் ஒத்தது அது. 12 + 8 = 20 × 3 = 60 − 5 = 55 எனப் பிள்ளை ஒரே வரியில் எழுதிச் செல்வதை, விடை சரிதானே என நாம் விட்டுவிடுகின்றோம். சமன்பாடு வந்ததும் அதன் தீங்கு வெளிப்படுகின்றது. இரு பக்கமுஞ் சமமென்றே அறியாதவன், இரு பக்கத்திலிருந்தும் ஒன்றைக் கழிக்கும் நியாயத்தை எங்ஙனம் அறிவான்?

வசனக் கணக்குகளிலே இடர் கணிதத்திலன்றி மொழியிலேயே பெரும்பாலும் உள்ளது. “15இலிருந்து 7ஐக் கழிக்க” எனினும் “7ஐ 15இலிருந்து கழிக்க” எனினும் தமிழிற் பொருள் ஒன்றே. சொற்கள் இடமாறினும் உருபு பொருளைக் காத்து நிற்கின்றது. உருபை நோக்காது எண்களை வந்த ஒழுங்கிலே எழுதும் பிள்ளை இரண்டாவதை 7 − 15 என எழுதிவிடும். “20ஐ 5ஆற் குறைக்க” என்பதற்கும் “20ஐ 5ஆகக் குறைக்க” என்பதற்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு போலத் தோன்றும். முன்னதன் விடை 15, பின்னதன் விடை 5. “மணியிடம் 12 மாம்பழங்கள் உள்ளன, அது கமலாவிடம் உள்ளதிலும் 5 கூட, கமலாவிடம் எத்தனை?” என்பதற்கு, ‘கூட’ என்னுஞ் சொல்லைக் கண்டதும் 17 என எழுதுவர். இத்தகைய கணக்குகளிலே உதவுவோர் பென்சிலைத் தொடுதலும் வேண்டா. பிள்ளையைக் கொண்டு கணக்கை உரத்து வாசிப்பித்து, “இனிப் புத்தகத்தை மூடிப்போட்டு, என்ன கேட்டிருக்கு எண்டு உன்ரை கதையிலை சொல்லு பாப்பம்” என்றால் போதும். யாரிடம் கூட உள்ளது என்பதை வீட்டுப் பேச்சிலே சொல்ல முடிந்த பிள்ளைக்குக் கணக்கில் பாதி முடிந்துவிட்டது. முதன்மொழியிற் கணிதங் கற்பதாற் கிடைக்கும் பெரும் வாய்ப்பு இது. தமிழாசிரியரும் இதிலே கைகொடுத்தல் கூடும்.

“நமக்கே கணக்குத் தெரியாது, பிள்ளைக்கு எங்ஙனம் உதவுவது?” எனக் கவலையுறும் பெற்றோர் பலர். கணக்குத் தெரியாமையை விடக் கணக்குக்கு அஞ்சுதலே தீங்கானது. 2015ஆம் ஆண்டில் மலோனி என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் அமெரிக்காவில் முதலாம், இரண்டாந் தரப் பிள்ளைகளிடையே நிகழ்த்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. கணிதத்திற்கு அஞ்சும் பெற்றோர் வீட்டு வேலையில் அடிக்கடி உதவிய இடங்களிலே பிள்ளைகள் அவ்வாண்டிற் கற்றது குறைந்திருந்தது. ஆண்டு முடிவில் அவர்களது அச்சமும் மிகுந்திருந்தது. அத்தகைய பெற்றோர் அடிக்கடி உதவாதவிடத்து இத்தொடர்பு காணப்படவில்லை. சிறு பிள்ளைகளைப் பற்றியதாயினும் இஃது இடைநிலை வகுப்புப் பெற்றோரும் சிந்திக்கத்தக்கது. “எனக்கும் கணக்கு ஓடாது, உனக்கும் ஓடாது” எனத் தாயார் வேடிக்கையாகச் சொல்லும் சொல்லைப் பிள்ளை வேடிக்கையாகக் கொள்வதில்லை. குரலுயர்த்திக் கற்பிக்கும் தந்தையாரிடமிருந்து பிள்ளை கற்பது கணிதமுமன்று.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மம்மாவும் உதவ முடியும். “இதை எனக்கு விளங்கப்படுத்து மோனை” என அவர் அருகிருந்து கேட்கலாம். அறியாதவருக்கு விளக்கப் புகுந்த பிள்ளை, தான் எங்கே தடுமாறுகின்றது என்பதைத் தானே கண்டுகொள்ளும். “பிள்ளை, இதை எப்பிடிச் செய்தனீ?” என்னுங் கேள்வியைப் பிழையான விடைக்கு மட்டுமன்றிச் சரியான விடைக்குங் கேட்டல் வேண்டும், இல்லையேல் கேள்வி எழுந்தவுடனே பிள்ளை அழிறப்பரைத் தேடும். அழிறப்பரைப் பற்றி ஒரு சொல்: பிழையான வரியை அழிக்க விடாது, அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்துக் கீழே திருத்தி எழுதப் பழக்குக. ஆசிரியருக்கு வேண்டியது அந்த வரியே. கணக்கறிந்த அண்ணன்மார், “தாண்டினாற் குறி மாறும்” என்பது போன்ற குறுக்குவழிகளை வகுப்பிலே காரணங் கற்பிக்கப்படுமுன் ஊட்டாதிருத்தலும் ஓர் உதவியே.

இவ்வளவுஞ் சொன்னமையால், மனனஞ் செய்தலை யாம் பழிக்கின்றோம் எனக் கொள்ளற்க. பெருக்கல் வாய்ப்பாடு மனத்திலே நிற்றல் இன்றியமையாதது. 42/56 என்பதைக் கண்டவுடன் ஆறேழு நாற்பத்திரண்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு என நாவிலே எழாதவன் அதனை 3/4 ஆகச் சுருக்குவதற்குள் களைத்துப்போவான். களைத்தவனுக்குக் காரணங் கேட்கும் பொறுமை இராது. ஆயின் நூறு பெருக்கல்களையும் மறுபடியும் ஓதுவித்தல் வீண். ஒன்றாம், இரண்டாம், ஐந்தாம், பத்தாம் வாய்ப்பாடுகள் அநேகமாக எல்லோருக்குந் தெரியும். 7 × 8 தெரிந்தால் 8 × 7 தெரியும். இவற்றை நீக்கினால் எஞ்சுவன 21 பெருக்கல்களே. அவற்றுள்ளுந் தெரியாதவற்றை மட்டும் சிறு அட்டைகளில் எழுதி, நாளுக்கு இரண்டாகக் கேட்டுவந்தால் இரண்டு வாரத்துள் முடிந்துவிடும்.

நாள்தோறும் எத்தனை கணக்குக் கொடுப்பது என்பதில் ஆசிரியரிடையே ஒருமைப்பாடு இல்லை. ஒரே வகைக் கணக்குகள் முப்பதைக் கொடுக்கும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. முதல் ஐந்திலே முறையைப் பிடித்துக்கொண்டவன் மிகுதியைச் சிந்தியாமலே செய்வான். பிழையாகப் பிடித்துக்கொண்டவன் அப்பிழையை முப்பது முறை பயில்வான். 2015ஆம் ஆண்டில் றோறர் முதலானோர் அமெரிக்காவில் ஏழாந் தர மாணவரிடையே செய்த ஆய்வொன்றிலே, ஒருசார் கணக்குகள் வகைவகையாகத் தொகுத்தும், மறுசார் கணக்குகள் பல வகையுங் கலந்தும் கொடுக்கப்பட்டன. முப்பது நாட்களின் பின்னர் நிகழ்ந்த சோதனையிலே கலந்து பயின்றவற்றிற் சராசரியாக 74 வீதமும், தொகுத்துப் பயின்றவற்றில் 42 வீதமும் பெறப்பட்டன. கலந்து கொடுக்கும்போது, எம்முறை இங்கே பொருந்தும் என மாணவன் முதலிலே தெரிந்தெடுக்க வேண்டியிருத்தலே இதற்குக் காரணமாகும். பரீட்சை மண்டபத்திலும் அதுவே வேண்டப்படுவது. ஆகவே நாளொன்றுக்கு ஐந்து கணக்கு அமையும்: இரண்டு அன்றைய பாடத்தில்; ஒன்று சென்ற வாரத்தது; ஒன்று சென்ற தவணையது; ஒன்று வசனக் கணக்கு. வீட்டிலே அவற்றைத் தொடங்குமுன், வகுப்பிற் செய்த உதாரணத்தைக் கொப்பியைப் பாராது ஒருமுறை தானே செய்து பார்த்தல் மாணவனுக்குப் பெரிதும் உதவும்.

கணக்கை ஒளிப்படம் எடுத்தவுடன் விடையைப் படிப்படியாக எழுதிக் காட்டும் செயலிகள் இப்பொழுது கைத்தொலைபேசியிலே வந்துவிட்டன. அவற்றை விலக்குதல் இயலாது. செய்து முடித்த கணக்கை ஒத்துப் பார்க்கவும், செயலி சென்ற வழியும் தான் சென்ற வழியும் எங்கே பிரிகின்றன என அறியவும் அவற்றைப் பயன்படுத்தலாம். செய்யுமுன் பார்ப்பவன் கொப்பியிலே அழகான வரிகள் இருக்கும். அவன் கையெழுத்தைத் தவிர அவனுடையது அங்கே வேறொன்றுமிராது. அயலிலுள்ள தனியார் வகுப்பிலே கரும்பலகையைப் பார்த்து எழுதிவந்த கொப்பிக்கும் இது பொருந்தும்.

நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளை நாள்தோறும் வரிவரியாக வாசித்தல் எந்த ஆசிரியருக்கும் இயலாது. விடைகளை வகுப்பிலே வாசித்து மாணவரையே சரிபார்க்கச் செய்து, நாளொன்றுக்கு எட்டுக் கொப்பிகளை மட்டும் எடுத்துச் செய்கை முழுவதையும் ஊன்றி நோக்கினால், வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அவ்வெட்டிலும் குறுக்குக் கோடிடுவதை விடுத்து, ஓரத்திலே ஒரு கேள்வியை எழுதிவிடுக: “2/5 அரையிலும் பெரிதோ?”, “வாளி எங்கே நிற்கின்றது?” மறுநாள் அக்கேள்விக்குக் கீழே பிள்ளை தன் கையால் எழுதிவரும் ஒரு வரியை முதலில் வாசித்துவிட்டு, அன்றைய பாடத்தைத் தொடங்கலாம்.